வேலி தாண்டிய கூட்டம்

“ஐயோ, போச்சே! என் கூட்டம் போச்சே!”

ஸாகர் வாளியைத் தட்டிக்கொண்டு தோட்டமெல்லாம் ஓடினார். தலைக்கு மேலே தேனீக்கள் கருமேகமாய்ச் சுழன்று, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு அன்ஃபீசா கூரைமேல் வைத்திருந்த காலிப் பெட்டியில் போய் இறங்கின.

வாசலில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அன்ஃபீசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்ன ஸாகர், இந்த வருஷமும் குடித்தனம் மாத்திடுச்சுங்களா?”

“சிரிம்மா, நல்லாச் சிரி! வயிறு எரியுது எனக்கு!”

“எரியட்டும். தேனடை கட்டுற எட்டு மரச்சட்டம் வச்சாலே மூச்சு முட்டுற தீப்பெட்டி உங்க பெட்டி. குஞ்சு குளுவான் பெருகினா அதுங்க எங்க போகும்? பெரிய பெட்டி வாங்க மனசு வராத கஞ்சனுக்குத் தேனீ ஒரு கேடா?”

“யார் பெட்டியில இறங்குதோ அவங்களுக்குத்தான் சொந்தம். ஊர் வழக்கத்தை மீறவா முடியும்?” என்று முனகிக்கொண்டே ஸாகர் உள்ளே போனார்.

உசூரிக் காட்டோரத்து அந்த ஊரில் இருவருக்கும் பகை மூண்டது மூன்று வருஷம் முன்னால். அன்ஃபீசா தெற்கேயிருந்து மஞ்சள் மஞ்சளாய் அழகான தேனீக்களை வரவழைத்து, பளபளக்கும் தெர்மாகோல் பெட்டிகளில் குடிவைத்தாள்.

“அழகு எதுக்கும்மா? தேனீ மேல ஒட்டிக்கிட்டு உயிரை உறிஞ்சுற உண்ணியோட அதுங்களுக்கு மல்லுக்கட்டத் தெரியாது. நம்ம காட்டுத் தேனீதான் உண்ணியோட காலைக் கடிச்சுத் துப்பும்” என்றார் ஸாகர்.

அவள் காதில் வாங்கவில்லை. பனிக்காலம் முடிந்து மூடியைத் திறந்தால், ஒரு பெட்டியிலும் உயிரில்லை. அழுது வீங்கிய முகத்தோடு நின்றவளிடம் வந்து, “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று சொல்லித் தொலைத்துவிட்டார் மனுஷர்.

“உங்க வீட்டு உப்புக்கல்லுகூட எனக்கு வேணாம்!” என்று கதவை அறைந்து சாத்தியவள், அதற்கப்புறம் அவர் வாசலை மிதிக்கவேயில்லை.

ஆனால் அவர் வீட்டிலிருந்து தானாக ஓடிவந்தால் அது வேறு கணக்கு. இதோடு மூன்று கூட்டம். மருந்து இல்லை, மாயம் இல்லை, உண்ணிக்கே தண்ணி காட்டுகிற தேனீக்கள்!

பறந்து வந்த அந்த விருந்தாளிகளுக்குப் பெரிய பெட்டி வாங்க, மறுநாள் டவுனில் தேன்பெட்டி விற்கும் யெர்மலாய் கடைக்குப் போனாள் அன்ஃபீசா.

“இதே மாதிரி ஒண்ணை அந்த ஸாகர் தலையிலயும் கட்டேன்ப்பா” என்றாள். “கஞ்சத்தனத்தால வருஷா வருஷம் எனக்குத் தானம் பண்றார்!”

யெர்மலாய் விழித்தார். “ஸாகரா கஞ்சன்? அவர் கொட்டகைக்குப் பின்னால போய்ப் பார்த்ததில்லையா? எல்லாமே பன்னிரண்டு சட்டப் பெட்டிங்க. எல்லாம் நான் வித்தது.”

“அப்போ எங்க வேலியோரத்துல இருக்கிறது?”

“அது ஒண்ணுதான் சின்னது. இருக்கிறதுலயே நல்ல ராணித் தேனீயா பார்த்து வருஷா வருஷம் அதுலதான் விடுறார். ‘கூட்டம் பிரிஞ்சு ஓடிடுமே’ன்னு நானும் தலையில அடிச்சுக்கிட்டேன். மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? ‘ஓடட்டும்ப்பா. நான் கொண்டுபோய்க் கொடுத்தா அந்தம்மா கதவைச் சாத்துவா. பறந்து போனா வாங்கிப்பா’ன்னார்.”