பெரியவர் சூடு

குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றில் பவர், சென்சார், சிப் மூவரும் தள்ளித் தள்ளிக் குடியிருந்தார்கள். பவர் பல்புக்கு மின்சாரம் கொடுக்கும். சென்சார் பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று சொல்லும். சிப் அதைக் கேட்டு முடிவெடுக்கும். இடம் மிச்சமாகட்டும் என்று ஒருநாள் மூவரையும் ஒரே கறுப்புக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டார்கள்.

அன்றோடு சென்சாரின் நிம்மதி போயிற்று. பக்கத்திலேயே பவர் கொதித்துக்கொண்டிருந்தது.

"சூடு தாங்கலண்ணே," என்றது சென்சார் சிப்பிடம்.

"அது நம்ம பெரியவர் சூடு, பவரோடது. வீட்டுச் சூட்டையெல்லாம் கணக்குல சேர்ப்பாங்களா? நான் கழிச்சுக்கறேன்."

சித்திரை மதியம் ஒன்றில் தகரக் கூரை காய்ந்து பெட்டிக்குள் அனல் ஏறியது. முட்டைக்குள் குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்த நேரம்.

"இது பெரியவர் சூடு இல்லண்ணே, வெளிச்சூடு. பல்பை நிறுத்துங்க," என்று சென்சார் கெஞ்சியது.

"உனக்கு அவரைக் குத்தம் சொல்றதே வேலையாப் போச்சு," என்றது சிப். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் கூரை தணிந்தது; முட்டைக்குள் கொத்தும் சத்தமும் நின்றிருந்தது. முட்டைகளின் சொந்தச் சூடு ஒவ்வொன்றாக அடங்குவது சென்சாருக்குத் தெரிந்தது.

"முட்டையெல்லாம் ஆறிப்போச்சுண்ணே."

"இப்பதான் எல்லாம் சரியா இருக்கு," என்றது சிப்.