கை பட்ட வெள்ளி

என் மாமனாரின் உயிர் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. கோபுரம், பாலம், கலங்கரை விளக்கம், யாரோ ராணி, யாரோ விஞ்ஞானி என்று பெட்டி நிறைய நினைவு வெள்ளிக் காசுகள்.

கல்யாணமான புதிதில் தெரியாமல் ஒன்றை எடுத்துவிட்டேன்.

"வெறும் விரல் பட்டா காசு செத்துடும்மா" என்று பதறிப் போனார். துணிக் கையுறை போடாமல் அவரே தொட மாட்டார்.

ரிட்டயர் ஆனதும் அந்த இடங்களையெல்லாம் நேரில் காட்டுகிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தாராம். அதற்குள் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. இவரானால் காசைக் கட்டிக்கொண்டு அழுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாணயக் கடைக்காரர் கண்காட்சிக்குப் பெட்டியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். மாமா மசியவில்லை. முதல் பரிசு நிச்சயம் என்றதும் என் வீட்டுக்காரருக்கு ஆசை. மாமா வெளியே போன நேரம் பார்த்துக் கடைக்காரரை வரவழைத்துவிட்டார்.

கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"எல்லாக் காசுலயும் விரல் ரேகை. ஊறிப் போயிருக்கு சார், இனிமே போகாது."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். அந்த அலமாரியைத் தினமும் துடைப்பவள் நான்தானே.

"தூசி தட்டுறேன்னு பெட்டியைத் திறந்தியா?"

"சத்தியமா இல்லைங்க."

யார் நம்புவார்கள்? அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். இனி இந்த வீட்டில் ஆயுசுக்கும் காசைக் கெடுத்தவள் நான்தான்.

திறந்திருந்த பெட்டியையும் என் கண்ணீரையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அவளை ஒண்ணும் சொல்லாதேடா. தொட்டது யாருன்னு எனக்குத் தெரியும்."

அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மாமா ஏனோ பிடிபட்ட திருடன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளறையில் தூங்கி எழுந்த அத்தை, அவர் குரல் மட்டும் லேசாகக் கேட்டு, சுவரைத் தடவியபடி வந்தார். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றதால் வேறு ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் பழகினவராக உட்கார்ந்தார். முந்தானையில் விரல்களை நன்றாகத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"நேத்து அந்தப் பாலத்தைத் தாண்டியாச்சு. இன்னைக்கு என்னை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"