இடி இடிக்காத பெட்டி

ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில் ராஜா மாதிரி ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். ராஜாவுக்குக் கொஞ்ச நாளாகத் தொண்டை சரியில்லை.

கிடார் சத்தம் வந்தது. ரிவெர்ப் வரவில்லை. ஒரு தந்தியைத் தட்டினால், பெரிய மண்டபத்துக்குள் வாசித்த மாதிரி நீண்டு நிற்குமே, அந்த எதிரொலிதான் ரிவெர்ப். அது போனதும், வாசிப்பதெல்லாம் மொட்டை மொட்டையாக விழுந்தது.

"அண்ணே, ரெண்டு தடவை உங்க கடைக்குத் தூக்கிட்டு வந்தாச்சு. அங்க ஜோராப் பாடுது. வீட்டுக்கு வந்தா ஊமையாயிடுது. வேலை சுத்தமில்லன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க" என்றான் கிடார்க்காரன்.

மெக்கானிக் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்காகத்தானே வீட்டுக்கே வந்திருந்தார்.

"ரெண்டு தடவையும் உள்ள ஒரு வயர் கழண்டிருந்துச்சு சார். போன தடவை புது பிளக் போட்டு இறுக்கிக் குடுத்தேன். இனி அது கழண்டா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

"நாளன்னிக்கு ரெக்கார்டிங்ணே. இந்தப் பெட்டியோட சத்தம் வேணும்னுதான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. என் மூஞ்சிக்காக இல்ல."

"அது தெரியுது சார்" என்றார் மெக்கானிக், ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே.

கிடார்க்காரனின் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "எதிரொலி இல்லாம வாசிச்சாதான் என்னங்க? தெளிவா இருக்கே."

"வந்துட்டாங்கண்ணே, வித்வான்!" அவன் மெக்கானிக்கைப் பார்த்துக் கண்ணடித்தான். "இவளுக்கு மிக்ஸி சத்தமும் கிடார் சத்தமும் ஒண்ணு."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்து அறையில், வீட்டுக்குள்ளேயும் கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் அப்பா பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். மகன் வாசிக்கிற நேரமெல்லாம் அந்த நாற்காலிதான். பக்கம் திருப்புகிறாரா என்று யாரும் கவனித்ததில்லை.

மெக்கானிக் ரிவெர்ப் குமிழை முழுசாகத் திருகினார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து லேசாக உலுக்கினார்.

"அடியில எதிரொலிக்குன்னே ஒரு ஸ்பிரிங் இருக்குல்ல, அதுக்கு உயிர் இருந்தா இப்ப இடி இடிக்கணும்."

இடிக்கவில்லை. ஒரு வால்வைப் பிடுங்கி வேறு போட்டுப் பார்த்தார். ஊஹூம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பின்பக்கமாகக் கையை விட்டார். கை அப்படியே நின்றது.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல சார். கழண்டிருக்கு. மாட்டிடறேன்."

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லன்னேனே."

கிடார்க்காரன் அவர் விரல்களைப் பிரித்தான். கொண்டைக்குப் போடுகிற ரப்பர் பேண்டு, பூப்போட்டது. வயரைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, இதைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள் யாரோ.

யாரோ என்ன, யாரோ!

"ஏய், இங்க வா!"

வந்தாள். ரப்பர் பேண்டைப் பார்த்தாள்.

"நீதானா?"

"ஆமா. முதல் தடவை தானாக் கழண்டுச்சு. அப்புறமெல்லாம் நான்தான்."

"ஏன்?"

அவள் கண் பக்கத்து அறைப் பக்கம் ஒரு தரம் போய்த் திரும்பியது. "அந்தச் சத்தம்... பிடிக்கல."

அவ்வளவுதான். வெளி ஆள் ஒருத்தர் நிற்கிறாரே என்றுகூட அவன் பார்க்கவில்லை.

"நான் நல்லா வந்துடுவேனோன்னு வயித்தெரிச்சல்! திருட்டை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு இந்த மனுஷனைக் குத்தம் சொல்லிட்டிருந்தேன் பாரு. அண்ணே, பாத்தீங்களா என் வீட்டு லட்சணத்தை?"

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். "டீ ஆறுது சார்."

அவள் ரப்பர் பேண்டை எடுத்துக் கொண்டையில் போட்டுக்கொண்டு, அங்கேயே ஓரமாக நின்றாள்.

மெக்கானிக் வயரை மாட்டி, பெட்டியை உலுக்கினார். டமார்! கூரையே இடிந்து விழுந்த மாதிரி ஓர் இடி.

"குணமாயிடுச்சு சார்." பையைத் தோளில் போட்டுக்கொண்டார். "வரேம்மா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கிடார்க்காரன் உட்கார்ந்து வாசித்தான். ஆஹா! ஒவ்வொரு சத்தமும் சுவரைத் தொட்டுத் திரும்பி, அடுத்த சத்தத்தைத் தழுவிக்கொண்டது. இப்ப என்ன சொல்றே என்பது போல அவளைப் பார்த்தான்.

பக்கத்து அறையில் பேப்பர் மடங்கியது. அப்பா எழுந்து வந்து, மருமகளின் காதருகே குனிந்து ரகசியம் பேசினார். ரகசியம் என்று அவர்தான் நினைத்துக்கொண்டார். தெருவாசல் வரைக்கும் கேட்டது.

"அம்மாடி, நீ வாங்கிக் காதுல மாட்டிவிட்ட மெஷின் மறுபடி மக்கர் பண்ணுதும்மா. இத்தனை நாள் அவன் வாசிச்சது முத்து முத்தாக் கேட்டுச்சு. இன்னிக்கு எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து ஒரே இரைச்சல். பேட்டரி போயிடுச்சோ என்னவோ. அவனுக்குத் தெரிய வேண்டாம், எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கே. அப்பாவுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா, பாவம், வாசிக்கறப்ப மனசு விட்டுடுவான்."

கிடார்க்காரனின் கை நின்றுவிட்டது. சத்தம்தான் நிற்கவில்லை. ரிவெர்ப் ஆயிற்றே, இழுத்துக்கொண்டே போயிற்று. அது அடங்குகிற வரைக்கும் அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. தூக்கியபோது, அவள் அவன் பக்கமே பார்க்கவில்லை.

"சரி மாமா, மாத்திடலாம்" என்று தொப்பிக்குப் பக்கத்தில் உரக்கச் சொன்னாள்.

அன்று காலையில்தான் மாற்றிய பேட்டரியை மறுபடி மாற்ற, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.