தலை அசையக் கூடாது

“தையல் வேலையா?” என்று கேட்டாள் பிசியோதெரபிஸ்ட் பர்வீன். முன்னால் நீண்டு தொங்கிய அந்தத் தலையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். “ஆமா” என்றாள் செல்வகனி. வீட்டில் தையல் மெஷினே கிடையாது. கழுத்து வலிக்கு மரியாதையான ஒரு காரணம் வேண்டியிருந்தது. “தாடையை உள்ள இழுங்க. பின்னந்தலையில கை வச்சு அமுக்குவேன், தலை அசையக் கூடாது. மூச்சை மட்டும் அடக்காதீங்க.” முதல் நாள் கை பட்டதுமே தலை தானாகக் கவிழ்ந்து, நெற்றி மேசையில் மோதியது. பர்வீன் பதறிப்போனாள். போகப்போக செல்வகனியே, “இன்னும் நல்லா அமுக்குங்க” என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றில் ஒரு முடி கிடந்தது. கணவன் ஞானதுரை வழக்கம்போல அவள் பின்னந்தலையைப் பிடித்து, ஆவி பறக்கும் தட்டை நோக்கி அழுத்தினான். “என்ன கிடக்குன்னு பாருடி!” தலை இறங்கவில்லை. தரையில் சாப்பிட உட்கார்ந்திருந்தவன் முட்டி போட்டு நிமிர்ந்து, எச்சில் கையையும் சேர்த்து வைத்து அழுத்தினான். இப்போது அவன் கழுத்தில்தான் நரம்பு புடைத்தது. செல்வகனி தாடையை உள்ளே இழுத்தாள். மூச்சு சீராக வந்துபோனது.

“இன்னும் நல்லா அமுக்கு” என்றாள்.