பேஸ்மென்டைக் காலி செய்யும் சட்டம்

பியர்பொன்ட்ஸ் புறநகர் வீட்டில் அன்று மூன்று பேர் இருந்தார்கள். மேலே வீட்டுக்காரர் மரியதாசனும், செக் நாட்டில் சட்டம் படித்துக்கொண்டு விடுமுறைக்கு வந்திருந்த அவர் மகள் டிலானியும். கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் ஆரூரன்.

குமர்ப்பிள்ளை வந்து நிற்கும் வீட்டில் ஓர் இளந்தாரி இருப்பது மரியதாசனுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

"அவனை வீட்டை விட்டு எழுப்ப ஒரு சட்டம் சொல்லு பிள்ளை."

"நான் படிக்கிறது செக் சட்டம், அப்பா."

"பிராக் வரைக்கும் அனுப்பிப் படிப்பிக்கிறன். இதுக்குக்கூட உதவாதோ?"

டிலானி சிரித்தாள். "இங்கத்தையச் சட்டமும் பார்த்தனான். சொந்தப் பிள்ளை குடியிருக்க எண்டால் வீட்டுக்காரர் பேஸ்மென்டைத் திருப்பி எடுக்கலாம். ஆனால் பிள்ளை உண்மையாவே அங்க இருக்கோணும். ஏமாத்தினால் வழக்கு."

"அப்ப நீ இரன். மேல இருந்தால் என்ன, கீழ இருந்தால் என்ன?"

உடனே ஆரூரனைக் கூப்பிட்டார்.

"தம்பி, பேஸ்மென்டில இனி என்ர மகள்தான் இருப்பாள்."

"நல்லது மாமா," என்றான் ஆரூரன்.

நேற்றுவரை அங்கிள் என்று கூப்பிட்டவன். மரியதாசன் திரும்பிப் பார்த்தார். மகள் பெட்டியோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"அவன் இன்னும் போகேல்லையே, பிள்ளை."

"புருசனை எழுப்பச் சட்டமில்லை அப்பா. போன நத்தாருக்கு பிராக்கில கலியாண எழுத்து முடிச்சிட்டம்."

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஐரோப்பா பார்க்கப் போன ஆரூரனை விமான நிலையத்தில் இறக்கிவிட்டதே தான்தான் என்பது மரியதாசனுக்கு நினைவு வந்தது.

"நாளைக்குச் சாப்பிட வாங்கோ," என்றாள் டிலானி கீழிருந்து. "முன்கூட்டியே சொல்லிப்போட்டு வாங்கோ. வீட்டுக்காரருக்கு அதுவும் சட்டம்."

ஆரூரனும் இறங்கிப் போனான். கதவு மூடிக்கொண்டது. உள்ளே பூட்டு விழுந்தது.