ஏழாம் இடமும் இருபத்தாறாம் இடமும்

“இந்தப் பட்டியல்ல ஏழாவதா இருக்குறவங்களும் இருபத்தாறாவதா இருக்குறவங்களும் ரெண்டு பேர் இல்லம்மா. ஒரே ஆள். என் மனைவி.”

புள்ளிவிவர அலுவலர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் எதிரே நின்றிருந்தார். ஒரு கையில் தலைக்கவசம், இன்னொரு கையில் புடைத்துப்போன கோப்பு.

நாட்டின் முன்னணி நோயெதிர்ப்பு ஆய்வாளர்களின் வரிசைப் பட்டியல் அன்று நான்கு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். வரைவுப் பட்டியலை வெளியிட்டு ஒரு வாரமாகியும் யாரும் மூச்சுவிடவில்லை. இப்போது, கடைசி நாளில், மணி இரண்டே காலுக்கு வந்து நிற்கிறார் இந்த மனிதர்.

யாருடைய கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணி வரிசைப்படுத்துவது அவள் வேலை. பட்டியலில் இருக்கும் நூற்று நாற்பது பேரில் ஒருவர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு எத்தனை மேற்கோள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒன்பது வருடத்தில் அவள் பட்டியலில் ஓர் இடம்கூடத் தவறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

“பேர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிடுமா சார்? இனிஷியல் வேற, வேலை பார்த்த இடம் வேற.”

“கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க அப்பா இனிஷியல். அப்புறம் என் இனிஷியல். வேலை மாறினதும் அந்தச் சமயத்துலதான்.”

கோப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் பரப்பினார். முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் பக்கம். இனிஷியல் மாறியதைக் குறித்திருந்த பணிப் பதிவேட்டின் நகல். ஓரம் பழுப்பேறிய கட்டுரைகள்.

“ஒரு தடவை பார்த்த கிருமியை முப்பது வருஷம் கழிச்சும் நம்ம உடம்பு அடையாளம் கண்டுக்குது. அது எப்படின்னுதான் அவங்க ஆராய்ச்சியே. உங்க பட்டியல் என்னடான்னா, ஒரு எழுத்து மாறினதுக்கே ஆளைத் தெரியாதுன்னுடுச்சு.”

அவளுக்குச் சுருக்கென்றது. காகிதங்களைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அவர் சொன்னது அத்தனையும் சரி.

“அவங்களே வந்து சொல்லியிருக்கலாமே சார்?”

“வர மாட்டாங்க. ‘எத்தனை பேர் நம்ம பேரைச் சொன்னாங்கன்னு எண்ணிக்கிட்டு இருக்கவா ஆராய்ச்சி பண்றோம்’னு கேப்பாங்க. ஆய்வுக்கூடத்துக்குள்ள போயிட்டா சாப்பாடுகூட மறந்துடும். நான் போன் பண்ணி ஞாபகப்படுத்தணும்.” குறை சொல்வதுபோலத்தான் ஆரம்பித்தார். ஆனால் முகத்தில் பெருமை வழிந்தது.

அவள் இரண்டு பெயர்களையும் ஒன்றாகச் சேர்த்தாள். ஒரே கட்டுரை இரண்டு முறை வந்திருக்கிறதா என்று சலித்தாள். வரவில்லை. பத்தாயிரத்து அறுநூற்று ஐம்பத்தைந்தும் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டும். கூட்டியதை நம்பாமல் இன்னொரு முறை கூட்டினாள்.

“சார், உங்க வீட்டம்மா முதல் இடத்துக்கு வர்றாங்க. முந்நூத்தி இருபத்தேழு மேற்கோள் வித்தியாசத்துல.”

“நானும் வீட்டுல கூட்டிப் பார்த்தேன். இருந்தாலும் உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு.” கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அவள் திரையில் பழைய முதல் வரியைக் காட்டினாள். “ஒன்பது வருஷமா முதல் இடத்துல இருக்குற பேராசிரியர் லேசுப்பட்டவர் இல்ல சார். போன வருஷம் ஒரே ஒரு மேற்கோள் விட்டுப்போச்சுன்னு மூணு பக்கத்துக்குக் கடிதம் எழுதினவர்.”

“அந்த ஆளு அப்படித்தான். முதல் இடம்னா உயிரு. என் மனைவிக்கும் அவருக்கும் எந்த மாநாட்டுலயும் ஒத்துப்போனதே இல்லை. மேடைன்னும் பார்க்காம வெளுத்து வாங்கிடுவாங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு படிவத்தை அவர் முன் வைத்தாள். “கடைசி நாள்ல இடம் மாறினா இது வேணும் சார். மேல் கட்டத்துல பிழையைச் சொன்ன நீங்க கையெழுத்துப் போடணும். கீழ்க் கட்டத்துல, இடத்தை இழக்குறவர் ஆட்சேபணை இல்லைன்னு போடணும். இல்லாட்டி அடுத்த வருஷம்தான்.”

“அடுத்த வருஷம் அவங்க பேரே பட்டியல்ல இருக்காதும்மா. இந்த மாசத்தோட ஓய்வு. என்னைவிட ரெண்டு வயசு பெரியவங்க.”

“அந்தப் பேராசிரியரை நான் கூப்பிட்டுக் கேக்குறேன். ஆனா ஒன்பது வருஷமா உட்கார்ந்த இடத்தை யாராவது கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுப்பாங்களா சார்?”

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். திருத்திய பட்டியலை எடுத்துவர அவள் அச்சுப்பொறி இருந்த மூலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.

“நாலு மணிக்கு அச்சுக்குப் போயிடும்ல?”

“கீழ்க் கட்டம் நிரம்பினா போயிடும் சார்.”

“அப்போ போயிடும்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

அவள் படிவத்தைக் கையில் எடுத்தாள். மேல் கட்டத்தில் இருந்த அதே கையெழுத்துதான் கீழ்க் கட்டத்திலும் இருந்தது. அதன் அடியில், ஒன்பது வருடமாகப் பட்டியலின் முதல் வரியில் அவள் தட்டச்சு செய்துவந்த பெயர்.