வாயில் கவ்விய குண்டூசி

மழை மூடிய மங்கல் வெளிச்சத்தில், மட்டாஞ்சேரி வீட்டின் கொல்லைச் சேற்றில் ஷாஃபி பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே போகிறான். அவன் மனைவி அன்ஸியா, தையல்காரி, படியில் உட்கார்ந்து அதையே பார்க்கிறாள். நேற்று துணியில் குத்த வேண்டிய குண்டூசிகளை உதட்டில் கவ்விய நினைப்பில்லாமல், "பா... பா..." என்று வாத்துகளைக் கூப்பிட்டுவிட்டாள். ஊசிகள் கொல்லையில் அவற்றுக்குக் கொட்டிய தவிட்டோடு தவிடாய்ச் சிதறின. இன்று பெட்டை வாத்து கழுத்து துவண்டு அவள் மடியில் கிடக்கிறது. காந்தத்தைத் தூக்கிப் பார்க்கிறான் ஷாஃபி.

"மூணு கிட்டிச்சு. நாலுதானே வச்சிருந்தே?"

"நாலேதான் இக்கா."

அவன் தேடிய இடத்திலேயே மறுபடி இழுக்கிறான். வேலியோரம் மற்ற வாத்துகள் பசியில் கத்துகின்றன. கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை.